நீர்வேலிப் பெட்டியில் எட்டு வளையங்கள்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் ஒரு கொட்டகை கட்டினேன். அது இரண்டு முறை காற்றில் பறந்தது. மூன்றாம் முறை தகரம் போட்டேன், இன்னும் நிற்கிறது. அந்தக் கொட்டகைக்குள் லாரிகளுக்கு உடம்பு கட்டினேன். தண்ணீர் நிற்காது என்று படித்த என்ஜினியர் கை விரித்த தொட்டி வண்டியைக் கட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன வருடம், பழைய லாரிச் சட்டங்களை அடுக்கி ஓடைக்குக் குறுக்கே வழி போட்டேன். கல்யாண ஊர்வலமே அதன்மேல் போனது. இத்தனைக்கும் நான் படித்தது நாலாம் வகுப்பில் பாதி. வாத்தியார் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நின்றவன் அப்படியே நடந்துவிட்டேன்.

கடல் தாண்டிக் கட்டியது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்தில் நீர்வேலி என்ற ஊரில், வாழைக்குலை ஏற்ற ஒரு டிராக்டர் டிரெய்லர். அவர்கள் அதைப் 'பெட்டி' என்கிறார்கள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். மற்றதெல்லாம் என்னுடையது.

எண்பத்து மூன்றாம் வருடத் தொடக்கம். நீர்வேலியில் வாழைத் தோட்டம் வைத்திருந்த சிவபாதம் முன்பு ஒரு முறை நாமக்கல் வந்தபோது என் வேலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனவர். "ஒருக்கா எங்கடை ஊருக்கு வந்து ஒண்டு கட்டித் தாங்கோ அண்ணை" என்று கடிதம் போட்டார். போனேன்.

முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் ஒரு மலை பார்வையில் இருக்கும். அதை வைத்துத்தான் கிழக்கு மேற்கு சொல்வோம். இங்கே மலை இல்லை, மேடு இல்லை, ஆறுகூட இல்லை. வானம் முழங்காலிலிருந்து தொடங்குகிறது. சிவப்பு மண், அதில் பச்சை வாழை, வாழைக்கு மேலே பனை, பனைக்கு மேலே ஒன்றுமே இல்லை. காலையில் அந்தத் தோட்டங்களுக்குள் நடந்தால் நடப்பதுபோலவே இருக்காது. யாரோ நம்மைத் தூக்கத்தில் தள்ளிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

சாப்பாடு அதற்கு மேல். காலையில் புட்டு. அதோடு ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து, தேங்காய்ச் சம்பலையும் சேர்த்து உருட்டச் சொன்னார்கள். இனிப்பும் உறைப்பும் ஒரே வாயிலா என்று தயங்கினேன். மூன்றாம் நாள் நானே இரண்டாவது பழம் கேட்டேன். தேநீரில் சீனி போடவில்லை. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ" என்றார் சிவபாதத்தின் மனைவி. ஊருக்குத் திரும்பியும் பல மாதம் என் இடது கை தானாக விரிந்து அந்தத் துண்டைத் தேடியது.

பெட்டி இருபது நாளில் எழும்பியது. வேப்பம் பலகைத் தரை, இரும்புச் சட்டம், பின்னால் திறந்து மூடும் கதவு. கடைசியில், தரையின் உள்பக்கம், ஓரத்துக்கு நாலாக எட்டு இரும்பு வளையங்கள் பதித்தேன். அந்த ஊர்க் கொல்லன் உலையில் நானே காய்ச்சி அடித்தவை. ஆணி அல்ல. பலகையைத் துளைத்து, கீழே சட்டத்தோடு சேர்த்து நட்டுப் போட்டு முறுக்கியவை.

பார்க்க வந்தவர்களுக்கு அது பெரிய பகிடி. "உதென்ன அண்ணை, வாழைக்குலையைக் கட்டி வைக்காட்டி ஓடிப் போயிடுமோ?" என்று ஒருவர் கேட்டார். "இல்லையடாப்பா, சிவபாதத்தைக் கட்டி வைக்கத்தான். அவர் மனிசி சொல்லிச் செய்விச்சிருக்கிறா" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சிரிக்கட்டும் என்று விட்டேன். ஒரு காலத்தில் வளையம் இல்லாத வண்டியில் முட்டை ஏற்றி அனுப்பி, ஒரு வளைவில் மொத்தத்தையும் மஞ்சளாக்கியவன் நான். அதிலிருந்து தரையில் பிடிப்பில்லாமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை.

வேலை முடிந்ததும் ஒரே ஒரு பேச்சு வந்தது. எங்கள் பக்கம் கட்டியவன் பெயரைப் பின் கதவில் எழுதுவோம். நான் கேட்டேன். சிவபாதம் தலையைச் சொறிந்தார். "இஞ்சை சொந்தக்காரன்ரை பேரும் ஊரும்தான் எழுதுறது அண்ணை. ஆனா முதல் ஏத்து நல்லபடியாப் போய் வரட்டும், உங்கடை பேரையும் எழுதுவிக்கிறன்" என்றார்.

"முதல் ஏத்து என்னங்க, வாழைக்குலைதானுங்களே? அது தானாப் போய் வந்துருமுங்க" என்றேன்.

முதல் சுமை வாழைக்குலையாக அமையவில்லை. அது ஒரு ஜெர்மன்காரனின் மோட்டார் சைக்கிளாக அமைந்தது.

ரைனர் என்று பெயர். தரை வழியாகவே நாடு நாடாகக் கடந்து, கடைசியில் மட்டும் கப்பலேறி வந்தவன். நீர்வேலி ரோட்டில், சைக்கிளின் இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டி வந்த ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். குலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊரே பெருமையாகச் சொன்னது. அவன் தங்கியிருந்தது கிரேஸ் ரீச்சர் வீட்டில். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர். வண்டி மட்டும் சிவபாதத்தின் கொட்டிலில் நின்றது.

நான் அதை முதன்முதலில் பார்த்தபோது வாய் பிளந்தேன். கால் டன் இருக்கும். என்ஜின் இரண்டு பக்கமும் உருளை உருளையாகத் துருத்திக்கொண்டு, முழங்கையை விரித்து உட்கார்ந்த பெரிய மனிதர்போல இருந்தது. கண்ணாடி, காற்றுத் தடுப்பு, இரண்டு பெட்டிகள். கைப்பிடி கோணி, கிளட்ச் கம்பி அறுந்திருந்தது. யாரும் ஓட்ட முடியாது.

ஒரு நாள் மாலை ரீச்சர் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்த வண்டி நாட்டுக்குள்ளை வந்ததுக்கு ஒரு புத்தகம் வைச்சிருக்கிறார். அதிலை போட்டிருக்கிற நாளுக்குள்ளை வண்டி வெளியிலை போகவேணும். போகாட்டி சுங்கக்காரர் எடுத்திடுவினம். நாளையிண்டைக்குக் காங்கேசன்துறையிலை இருந்து தூத்துக்குடிக்கு ஒரு சரக்குக் கப்பல் வெளிக்கிடுது. அதை விட்டா அந்த நாளுக்கு முன்னம் வேறை கப்பல் இல்லை. மத்தியானத்துக்கு முன்னம் கொண்டுபோய்க் குடுத்தா ஏத்துவினமாம். கீழை விழுந்து உடைஞ்சிருந்தா ஏத்த மாட்டினமாம்" என்றார்.

ரைனர் ஏதோ சொன்னான். ரீச்சர் தமிழாக்கினார்: "என்னட்டை வேறை ஒண்டும் இல்லை, வீட்டை வித்துத்தான் இதை வாங்கினனான் எண்டு சொல்லுறார்."

சிவபாதம் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். "கொண்டுபோயிரலாமுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அடுத்த நாளே, கப்பலுக்கு முந்தின நாள், ஏற்றிப் பார்த்தோம். ஏற்றியதில் என் மூளையை யாரும் குறை சொல்ல முடியாது. எட்டுப் பேர் சேர்ந்து தூக்குவதாக இருந்தார்கள். தடுத்தேன். வாய்க்காலுக்காக வெட்டிய தாழ்வான இடத்தில் பெட்டியைப் பின்னோக்கி இறக்கி, தரையும் பெட்டியும் ஒரே மட்டமாக நிற்கும்படி செய்தேன். வண்டியை மாட்டைக் கொட்டிலில் விடுவதுபோல உருட்டி உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான் வேலை.

கட்டியதில்தான் பிழை. ஒளிக்காமல் சொல்கிறேன். வண்டியை மரியாதையாக நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினேன். சீட்டுக்கு மேலே கயிறு போட்டு, கட்டை செருகி, நரம்பு புடைக்க முறுக்கினேன். ஆயிரம் மூட்டைகளை அப்படிக் கட்டியவன். சிவபாதம் தன் பங்குக்கு, வாழைக்குலைக்குச் செய்வதுபோல, சுற்றிலும் வாழைச் சருகை அடைத்தார். "முட்டையை வைச்சாலும் உடையாது" என்றார். முட்டை என்றதும் நான் முடிச்சை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சோதனைக்குப் பக்கத்து ஊரான உரும்பிராய் வரை போய்த் திரும்பலாம் என்று புறப்பட்டோம். பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு பள்ளம். மோட்டார் சைக்கிள் தன் ஸ்பிரிங்கில் மூச்சு இழுத்துக் குனிந்தது. அது குனிந்ததும் என் இரும்புக் கட்டு தொட்டில் கயிறாகத் தொய்ந்தது. ஸ்டாண்ட் மடங்கியது. கால் டன் மெல்லச் சாய்ந்து சருகுக்குள் படுத்தது. ஒரு கண்ணாடி உடைந்தது. வேறு சேதம் இல்லை, ஆனால் எனக்குத்தான் எல்லாம் உடைந்தது.

சிவபாதம் இறங்கி வந்து பார்த்தார். "சருகு காப்பாத்தும் எண்டு பார்த்தன். உது மெத்தை போட்டு நித்திரை கொள்ளுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ரைனர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். 'நான் இதன்மேல் ஏறி வந்தவன். கப்பலைத் தவிர இது எதன்மேலும் ஏறி வந்ததில்லை. எப்படிக் கட்டுவது என்று எனக்கும் தெரியாது' என்றானாம்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்தார். கந்தையா அண்ணை. அறுபத்தைந்து இருக்கும். ஊரில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு, செடில் கந்தையா. நேர்த்திக்கடன் வைத்தவர்கள் முதுகில் செடில் என்ற கொக்கிகளைக் குத்திக் காவடி ஆடும்போது, அந்தக் கொக்கிகளின் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் வருபவர். நாற்பது வருடமாகப் பிடிக்கிறாராம்.

வண்டியைச் சுற்றி வந்தார். முன் கைப்பிடியை இரண்டு கையாலும் அமுக்கினார். அது குனிந்து, விட்டதும் நிமிர்ந்தது. திரும்ப அமுக்கினார். பிறகு என்னிடம், "தம்பி, மூட்டை கட்டினது நீரோ?" என்றார்.

என்னைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டு முப்பது வருடம் இருக்கும். "நான்தானுங்க" என்றேன்.

"உது மூட்டை இல்லைத் தம்பி. உது ஆடுற ஆள். ஆடுற ஆளை இறுக்கிக் கட்டினா என்ன நடக்கும்? முதுகு கிழியும். தளத்தி விட்டா ஆள் விழுந்திடும். அவன் குனிஞ்சா கயிறும் குனியவேணும், நிமிந்தா கயிறும் நிமிரவேணும். எல்லாக் கொக்கியிலையும் ஒரே இழுவை இருக்கவேணும்."

"அண்ணை, இந்த ஆளுக்கு விரதம் ஒண்டும் இல்லையே" என்றார் சிவபாதம்.

"ஓட்டினவர் எல்லாம் தின்னுவார். வண்டி பெற்றோல்தானே குடிக்குது? அது சுத்தம்" என்றார் கந்தையா அண்ணை. சிரிக்காமல்தான் சொன்னார்.

பிறகு குனிந்து பெட்டியின் தரையைப் பார்த்தார். சருகை விலக்கினார். ஒரு வளையத்தில் விரலை விட்டு இழுத்தார். காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை. நிமிர்ந்து, "எட்டு இருக்கு. அப்ப நடக்கும்" என்றார். அந்த 'அப்ப நடக்கும்' இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை படிப்பவர்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தோம். ஸ்டாண்டை மடக்கிவிட்டோம். வண்டி தன் சக்கரத்திலேயே நிற்க வேண்டும் என்றார் அவர். முன் சக்கரம் அசையாமலிருக்க இரண்டு கட்டைகளைச் செதுக்கித் தரையில் போல்ட் போட்டேன் நான். இரண்டு பேரை வண்டிமேல் உட்கார வைத்து, ஸ்பிரிங் பாதி அமுங்கிய நிலையில் தும்புக் கயிறுகளைக் கட்டினோம். முன்னால் நாலு, பின்னால் நாலு, வளையத்துக்கு ஒன்று. அவர் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் ஒன்றுபோல வரும்வரை அவிழ்த்தும் கட்டியும் என் பொறுமையைச் சோதித்தார். உட்கார்ந்தவர்கள் இறங்கினார்கள். வண்டி கொஞ்சம் எழும்பியது, கயிறுகள் எட்டும் ஒரே நேரத்தில் விறைத்தன. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினேன். வண்டியோடு பெட்டியும் சேர்ந்து ஆடியது.

விடிந்ததும் புறப்பட்டோம். சிவபாதம் டிராக்டரில். நான் பெட்டியின் முன் மூலையில். கந்தையா அண்ணை பின்னால், வண்டியின் வால் பக்கத்திலிருந்து ஒன்பதாவதாக ஒரு கயிறு எடுத்துக் கையில் பிடித்தபடி. "அது எதுக்குங்க?" என்றேன். "சும்மா. ஆடுறவனுக்குப் பின்னாலை ஆள் இருக்கு எண்டு தெரியவேணும்" என்றார். ரைனரும் ரீச்சரும் ஒரு வாடகைக் காரில் பின்னால் ஊர்ந்தார்கள்.

அந்தப் பயணத்தை நான் எத்தனையோ முறை திரும்பப் போயிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. பனி வாழைத் தோட்டங்களின் மேல் பால் ஆடையாகக் கிடந்தது. டிராக்டரின் சத்தம்கூட அதில் நனைந்து மெதுவாக வந்தது. மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு குழிக்கும் தலையை ஆட்டி, ஆமாம் ஆமாம் என்பதுபோல எனக்கு எதிரே நின்றது. சற்று நேரத்தில் ரோடு நகர்கிறதா நாங்கள் நகர்கிறோமா என்று தெரியவில்லை. டிராக்டர் இழுக்கவில்லை, அந்த வண்டிதான் எங்கள் எல்லோரையும் தன் கனவுக்குள் ஓட்டிக்கொண்டு போகிறது என்று தோன்றியது. கந்தையா அண்ணை கண்ணை மூடியிருந்தார். கை மட்டும் விழித்திருந்தது. வண்டி குனியும்போது கை குனிந்தது.

மருதனார்மடச் சந்தியில் சந்தை கூடியிருந்தது. கூடைகளும் சைக்கிள்களும் வழிவிட்டன. "என்ன சிவபாதம், வாழைக்குலைக்கு எஞ்சின் பூட்டிப்போட்டியோ?" என்று கத்தினார் ஒரு கிழங்கு வியாபாரி. பின்னால் கயிறு பிடித்திருப்பவரைப் பார்த்ததும் பேச்சு மாறியது. "உவர் செடில் கந்தையா அண்ணை எல்லே? அப்ப இது ஆரின்ரை நேர்த்தி?" என்றாள் ஒருத்தி. "வெள்ளைக்காரன்ரை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு செவ்வரத்தம் பூவை எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தாள். அது முன் விளக்கில் பட்டு என் மடியில் விழுந்தது.

சுன்னாகம் தாண்டி, மல்லாகம் தாண்டி, தண்டவாளம் ரோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் அது நடந்தது. ஒரு பசுமாடு குறுக்கே வந்தது. சிவபாதம் பிரேக்கை மிதித்தார். பெட்டி தண்டவாளத்தில் ஏறிக் குதித்தது. பட் என்று ஒரு சத்தம். முன்னால் இடது பக்கக் கயிறு ஒன்று அறுந்து என் காதோரம் பாய்ந்தது. வண்டி வலப்பக்கம் சாயத் தொடங்கியது. நான் எழுந்து அதைக் கட்டிப்பிடித்தேன். கால் டன்னை ஒரு கிழவன் கட்டிப்பிடித்து என்ன ஆகும்? பின்னால் காரில் ரைனர் அலறியது கேட்டது.

ஆனால் அது விழவில்லை. மீதி ஏழு கயிறும் ஒரே இழுவையில் இருந்ததால், அறுந்த கயிற்றின் பாரத்தை ஏழும் பங்கு போட்டுக்கொண்டன. வண்டி சாய்ந்த அளவில் ஒரு நொடி யோசித்து நின்றது. கந்தையா அண்ணை எழுந்து, ஒன்பதாவது கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆடுபவனை மடக்கிப் பிடிப்பதுபோலக் காலை ஊன்றி இழுத்தார். வண்டி நிமிர்ந்தது. அவர் உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தது.

"பிடிச்சிட்டுது" என்றார். கயிற்றைச் சொன்னாரா, தன் கையைச் சொன்னாரா, தெரியவில்லை. நான் குனிந்து வளையங்களைப் பார்த்தேன். எட்டும் அப்படியே இருந்தன. ஒரு நூல்கூட நகரவில்லை.

அறுந்ததற்குப் பதில் புதுக் கயிறு போட்டுக்கொண்டு, சீமெந்து ஆலையின் புகைக்குழாய் தெரியும்வரை ஊர்ந்தோம். பிறகு வீடுகளுக்கிடையே கடல் ஒரு நீலத் துணியாகத் தொங்கியது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. துறைமுகத்தில் ஒரு அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்தார், புத்தகத்தில் முத்திரை குத்தினார். கப்பலின் கொக்கி இறங்கி வந்து வண்டியைத் தூக்கியது. ஆகாயத்தில் அது மெல்லச் சுழன்றது. கந்தையா அண்ணை, ஆட்டம் முடிந்த காவடியைப் பார்ப்பதுபோல, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

ரைனர் எல்லோரையும் பெட்டியோடு சேர்த்துப் படம் எடுத்தான். அழுதான் என்றும் சொல்ல வேண்டும். கந்தையா அண்ணையின் கையில் தன் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டான். என் கையைக் குலுக்கினான்.

அதற்கு மறு வாரம் நான் ஊர் திரும்பினேன். பெயர் எழுதும் ஆள் சுன்னாகத்திலிருந்து வரவில்லை. "வந்தவுடனை எழுதுவிக்கிறன் அண்ணை, நீங்கள் யோசியாதேங்கோ" என்றார் சிவபாதம்.

வைகாசியில் ரீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரைனர் தன் நாட்டுப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தானாம். அதிலிருந்து நாலு வரியை ரீச்சர் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார்: 'முதுகில் கொக்கி குத்தி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஒரு விவசாயி, தன் கயிறுகளால் என் வண்டியைக் காப்பாற்றினார்.' படித்தேன். அவ்வளவுதான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பதில் எழுத நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆடிக் கலவரம் வந்துவிட்டது. அதன் பிறகு அங்கே நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கடிதம் நின்றுபோனது.

பல வருடம் கழித்து, இப்போதுதான் சென்ற மாதம், அகதி முகாமில் இருக்கும் ஒருவர் என் கொட்டகைக்கு வெல்டிங் வேலை கேட்டு வந்தார். எந்த ஊர் என்றேன். நீர்வேலிக்குப் பக்கம் என்றார். சிவபாதத்தின் பெட்டியைத் தெரியுமா என்றேன்.

"தெரியாமலோ ஐயா? அந்தப் பெட்டியிலைதானே நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். நாலு குடும்பம், சாமான் சட்டி எல்லாம். றோட்டு முழுக்கக் கிடங்கும் பள்ளமும். உள்ளுக்கை நிலத்திலை எட்டு வளையம் இருக்கு. பிள்ளையள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததுகள். ஒண்டுகூட விழேல்லை."

நான் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பிறகு, "அந்த வளையத்தை யார் அடிச்சதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"கந்தையா அண்ணை எண்டுதான் சொல்லுவினம். செடில்காரன் எல்லே. கொக்கி, வளையம் எல்லாம் அவரின்ரை வேலைதான்."

கந்தையா அண்ணை எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவருடைய கயிற்றில் ஒரு இழையைக்கூட நான் எனக்கென்று கேட்கவில்லை. கயிற்றை நான் பிழையாகக் கட்டினேன், அவர் சரியாகக் கட்டினார். இதை அச்சில் சொல்லிவிட்டேன். ஆனால் கயிறு காற்றிலா கட்டியிருந்தது? பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டு போனார்கள்?

அந்தப் பெட்டி இன்று யார் கையில் இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். பின் கதவில் சிவபாதம் பெயர் இருக்கட்டும். உள்ளே ஏறித் தரையைக் கூட்டுங்கள். ஓரத்துக்கு நாலாக எட்டு வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு ஆணியால் கீறினாலும் போதும், பெயின்ட் வேண்டாம். இப்படிக் கீறுங்கள்: வளையம் எட்டும் நாமக்கல் மாரப்பன் அடித்தது.